டொக்டர் எழுதாத கடிதம்

அவுஸ்திரேலியாவிலிருந்து அந்த மெயில் வந்தபோது பிரதீபா ஒருவரின் இடது காதைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத சின்ன அறைக்குள், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் காதில் ஹெட்போனும் கையில் பொத்தானுமாக இருந்தார். சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அவர் கேட்காத சத்தத்துக்கும் மரியாதைக்காக அழுத்திக்கொண்டிருந்தார்.

மேசையில் கிடந்த கைபேசியில் பல்கலைக்கழகத்தின் பெயர் தெரிந்தது. சோதனை முடியும்வரை தொடுவதில்லை என்று நினைத்தாள். இன்னும் இரண்டு சத்தம் கொடுத்தாள். மூன்றாவதைக் கொடுக்காமல் கைபேசியை எடுத்தாள்.

ஆறே வரிதான். காது கேட்டல் பற்றிய ஓடியோலொஜி முதுநிலைப் படிப்புக்கான அவளுடைய விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் இந்தத் துறையைத் தேர்ந்தாள் என்று அவள் எழுதிய கட்டுரையும், அவளுடைய மேற்பார்வையாளரான வைத்தியர் அவளுக்குக் காட்டாமல் அனுப்ப வேண்டிய சிபாரிசுக் கடிதமும் ஒரே கணினியிலிருந்து எட்டு நிமிட இடைவெளியில் வந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை இலங்கை நேரம் காலை ஒன்பது மணிக்கு அவளோடும், ஒன்பதரைக்கு வைத்தியரோடும் தனித்தனியாக வீடியோவில் பேசுவார்கள். அதை வைத்துத்தான் முடிவு.

புதன்கிழமை அது. கண்ணாடிக்கு அப்பால் தபாலதிபர் ஒரு சத்தமும் இல்லாமலே பொத்தானை இன்னொருமுறை அழுத்தினார்.

போன வருடமும் விண்ணப்பித்து, கிளினிக்கில் மேற்பார்வை செய்தவரின் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள் பிரதீபா. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி பொருத்திப் பழக்கும் வேலையை முறையாகப் படிக்க வேண்டும் என்று மூன்று வருடமாக அலைகிறாள். வயது இருபத்தெட்டு. மூன்றாம் முறை என்று ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

யாழ்ப்பாண நகரில் அந்தக் காது மூக்குத் தொண்டை கிளினிக்கை நடத்துபவர் டொக்டர் அடைக்கலநாதன். அவள் கடிதம் கேட்டுப் போனபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"நீரே எழுதிக்கொண்டு வாரும் பிள்ளை. நான் சைன் வைச்சுத் தாறன்."

"சேர், அவை உங்கடை மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்புவினம். அதுக்குள்ளை நீங்கள்தான்..."

"பாஸ்வேட் உமக்குத் தெரியும்தானே? எனக்கு உந்தச் சிக்கலெல்லாம் வேண்டாம்."

அவர் அவளை அலட்சியம் செய்தார் என்று சொல்ல முடியாது. இந்த ஊர்களில் சிபாரிசுக் கடிதத்தைப் பெரியவர்கள் எழுதுவதில்லை. தேவைப்பட்டவர் எழுதிக்கொண்டு வருவார், பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் கீழே கையெழுத்து வைப்பார். வாசித்துப் பார்த்தால்தான் அவமரியாதை. உன்னை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

ஆனால் தன்னைத் தானே புகழ்ந்து எழுத அவளுக்குக் கை வரவில்லை. கிளினிக் கணினியில் முன்னர் யாருக்கோ எழுதிய கடிதம் ஒன்று கிடந்தது. அதில் பெயரையும் திகதியையும் மாற்றினாள். நேரம் தவறாதவர், பணிவானவர் என்று போய்க்கொண்டிருந்த கடிதத்தின் நடுவில் ஒரு வசனம் இருந்தது. 'நோயாளிகளுக்கு இவர் வழங்கும் ஆலோசனையில் நான் ஒருபோதும் பிழை கண்டதில்லை.'

அந்த இடத்தில் அவளுடைய விரல் நின்றது. நின்றுவிட்டு, பிறகு கீழே போனது. டொக்டர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்; அவருடைய மெயிலுக்குள் போய் அவளே அனுப்பினாள்.

அவளுடைய அப்பா தம்பிஐயா வல்வெட்டித்துறையில் கடற்றொழில் செய்தவர். கடைசிச் சண்டையில் பதுங்குகுழி வாசலில் விழுந்த செல் குண்டு அவருடைய இரண்டு காதையும் கொண்டுபோயிற்று. ஒன்பது வருடம் கழித்து ஒரு வைத்திய முகாமில் அவருக்கு ஒரு காதுக்கருவி கொடுத்தார்கள். பிரதீபா அப்போது தெற்கில் இதே துறையில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னாள்: கடலுக்குப் போகும்போது அதைப் போடக் கூடாது; உப்புத்தண்ணி பட்டால் பழுதாகிவிடும்; வீட்டில் அரிசி போட்ட போத்தலுக்குள் வைத்துவிட்டுப் போகவேண்டும். அப்படித்தான் புத்தகத்தில் இருந்தது. நாலு கிழமைக்குப் பிறகு ஒரு விடியற்காலை, அவர் குனிந்து வலை இழுத்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து வந்த படகு அவர்மேல் ஏறியது. அந்தப் படகில் இருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்களாம். அவர் திரும்பவே இல்லை. கருவி வீட்டில் அரிசிக்குள் இருந்தது.

இதை அவள் தன்னுடைய கட்டுரையில் எழுதவில்லை. எழுதினால் உடனே இடம் தருவார்கள் என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். அதனால்தான் எழுதவில்லை.

மெயிலை டொக்டரிடம் காட்டியபோது அவர் முதலில் சிரித்தார். இரண்டாம் முறை வாசித்தபோது சிரிப்பு இல்லை.

"இருபத்தெட்டு வருசமா சைன் வைக்கிறன். கனடாவிலை, லண்டனிலை எத்தினை பேர் என்ரை கடிதத்தாலை இருக்கினம் தெரியுமோ? ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்கேல்லை."

"ஓம் சேர்."

"சரி, கேளும். நான் எழுதினது. வீட்டிலை நெட் வேலை செய்யேல்லை, கிளினிக் கொம்பியூட்டரிலை இருந்து அனுப்பினது. அவ்வளவுதான். ரெண்டுபேரும் ஒரே கதை சொல்லவேணும், விளங்குதோ? நீர் ஒண்டு நான் ஒண்டு சொன்னால் ரெண்டுபேரும் கள்ளர்."

"ஓம் சேர்," என்றாள் திரும்பவும்.

வியாழக்கிழமை பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா நாகேஸ்வரி முற்றத்துக் குழாயடியில் சூடைமீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பூனை கொஞ்சம் தள்ளி மரியாதையாகக் காத்திருந்தது.

"ஏன் உந்த முகம்?"

பிரதீபா குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் கை நிற்கவில்லை.

"டொக்டர் சொன்னமாதிரிச் சொல்லிப்போட்டு வா. பெரிய மனுசன். உனக்கு வேலை தந்தவர். அவரைக் காட்டிக் குடுக்கிறதே?"

"கடிதத்திலை ஒரு வசனம் இருக்கம்மா. நான் சொல்லுற புத்திமதியிலை பிழையே வாறேல்லையாம்."

"இருந்திட்டுப் போகட்டும்."

"அப்பாவுக்கு நான் சொன்னது?"

ஏழு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்லிய பிறகு பிரதீபாவுக்கு எழும்பிப் போகவேண்டும் போல இருந்தது. நாகேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ எங்கை அவருக்குச் சொன்னனி? அவருக்குப் போனிலை கதைச்சால் கேக்குமே? எனக்குத்தான் சொன்னனி. நான்தான் அவற்றை காதுக்கை கத்தினனான்."

"அம்மா..."

"அண்டைக்கு அவர் அதைக் காதிலை போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டவர். வாசல் படலையடியிலை கண்டனான். பிள்ளை சொன்னது மறந்துபோச்சோ எண்டு நான்தான் கழட்டி வாங்கினனான். வாங்கேக்கை சிரிச்சவர். படிச்ச பிள்ளையை வைச்சுக்கொண்டு பெரிய கரைச்சல் எண்டு சொன்னவர்."

பூனை ஒரு அடி முன்னுக்கு வந்தது. நாகேஸ்வரி ஒரு மீன் தலையை அதற்கு எறிந்தாள். கத்தியை எடுத்து அடுத்த மீனைக் கீறினாள்.

"உனக்கு மட்டும் எண்டு வைச்சிருந்தனியோ இவ்வளவு நாளும்?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. "நாளைக்குக் கவனமாக் கதை. டொக்டரை விட்டுக்குடுக்காதை."

வெள்ளிக்கிழமை காலை யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் பிரதீபா டொக்டர் சொன்ன கதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். இரண்டே வசனம். அவ்வளவு சின்னப் பொய்யை எவரும் சொல்லிவிடலாம்.

கிளினிக்கில் அமைதியான இடம் என்று இருந்தது அந்தச் சோதனை அறை ஒன்றுதான். வெளியே காது கேளாதவர்கள் காது கேளாதவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள்; தாதி லூர்த்தம்மா எல்லோருக்கும் மேலாகக் கத்திக்கொண்டிருந்தாள். லப்டொப்பை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது.

திரையில் இரண்டு பேர். நரைத்த கட்டை மயிருள்ள ஒரு பெண், பக்கத்தில் ஒரு இளம் ஆண். வணக்கம் சொல்லி, வந்ததற்கு நன்றி சொல்லி, உடனேயே அந்தப் பெண் கேட்டாள்.

"சிபாரிசுக் கடிதத்தை எழுதியது யார்?"

"டொக்டர்," என்றாள் பிரதீபா.

"உங்கள் கட்டுரை வந்த கணினியிலிருந்தா?"

"அவருடைய வீட்டில் இணைய வசதி வேலை செய்யவில்லை. கிளினிக்கில் இருந்து அனுப்பினார்."

முடிந்துவிட்டது. அந்த ஆண் எதையோ குறித்துக்கொண்டான். பிரதீபா மேசைக்குக் கீழே கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"அந்தக் கடிதத்தில் ஒரு வசனம் எனக்குப் பிடித்தது," என்றாள் அந்தப் பெண். மெல்ல வாசித்தாள். நோயாளிகளுக்கு இவர் வழங்கும் ஆலோசனையில் நான் ஒருபோதும் பிழை கண்டதில்லை. "முப்பத்தொரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. டொக்டர் எதை நினைத்து அப்படி எழுதியிருப்பார்? ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்."

சொல்வதற்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். கரவெட்டியிலிருந்து வரும் இரட்டைக் குழந்தைகள் இருந்தார்கள். முந்தாநாள் வந்த தபாலதிபர்கூட இருந்தார். பிரதீபா வாயைத் திறந்தாள். படலையடியில் சிரித்துக்கொண்டு காதைக் குனிந்து கொடுத்த ஒரு மனிதரைத் தவிர வேறு யாரும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"அந்த வசனம் பொய்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன். கடிதம் முழுவதும் நான்தான். சற்று முன் சொன்னதும் பொய்."

பிறகு நிறுத்த முடியவில்லை. அவசரத்தில் ஆங்கிலம் உடைந்தது. இங்கே அது எப்படி நடக்கும் என்று சொன்னாள். பழைய கடிதத்தில் பெயரை மாற்றியதைச் சொன்னாள். அப்பாவைச் சொன்னாள், அரிசிப் போத்தலைச் சொன்னாள். அழவில்லை. அந்த ஆண் எழுதுவதை நிறுத்தியிருந்தான்.

"ஆனால் அது சரியான ஆலோசனைதானே?" என்று கேட்டான். "எந்தக் கையேட்டிலும் அதுதானே இருக்கிறது?"

"கருவிக்குச் சரி. அவர் கடலில் எதைக் கேட்கவேண்டி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கருவி போனால் இன்னொன்று வாங்கலாம் என்று சொல்லவில்லை."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"நன்றி. இனி டொக்டரோடு பேசுவோம். அதுவரை நீங்கள் இங்கே சொன்னது எதையும் அவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் உங்கள் விண்ணப்பம் இத்தோடு முடிந்துவிடும்."

அவள் வெளியே வந்தபோது ஒன்பது இருபத்தேழு. டொக்டர் அடைக்கலநாதன் கதவடியிலேயே நின்றார். புதுச் சேட்டு. வாசனை போட்டிருந்தார்.

"எப்பிடி? சொன்னீர்தானே?"

சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் உள்ளே போய், அவளுக்காக, ஒரு பொய்யைச் சொல்லி அகப்படுவார். சொன்னால் எல்லாம் முடிந்தது. அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன பிள்ளை? வாய் இல்லையோ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். பிறகு அவளைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பிரதீபா தன்னுடைய கதிரையில், மெசினுக்கு முன்னால் இருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய பக்கவாட்டு முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை. மெசினில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் உள்ளே இருப்பவர் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். நோயாளிகளுக்காக ஒரு நாளைக்கு நூறுமுறை அழுத்தும் விசை. அவளுடைய சுட்டுவிரல் போய் அதன்மேல் இருந்தது.

"என்ன, இண்டைக்கு டொக்டருக்கோ சோதினை?"

பின்னால் ஏரம்பு நின்றார். கரையூரிலிருந்து மாதம் ஒருமுறை வருபவர்; எழுபது வயது, இரண்டு காதும் முற்றாகப் போய்விட்டது; எல்லோருடைய வாயையும் பார்த்துத்தான் கதைப்பார். உள்ளே வரக் கூடாது என்று லூர்த்தம்மா கத்தியது அவருக்குக் கேட்டிருக்க நியாயமில்லை.

அவர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "உது இங்கிலீசு வாய். எனக்கு விளங்காது."

பிரதீபா அவர் பக்கம் திரும்பி, உதடு தெரிய மெதுவாகக் கேட்டாள். "ஏசுறாரோ அப்பு?"

ஏரம்பு உற்றுப் பார்த்தார். "ஏசேல்லை. முதல் கொஞ்சம் நெஞ்சை நிமித்தினவர். இப்ப இல்லை." இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். "உது கெஞ்சுற வாய் பிள்ளை. உந்த மனுசனுக்கும் கெஞ்சத் தெரியுமே?"

அவள் விரலை விசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

டொக்டர் வெளியே வந்தபோது புதுச் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. ஏரம்புவைக் கண்டும் காணாதவர்போல நின்றார்.

"முதலிலை, நீ எனக்கு ஏதும் சொன்னனியோ எண்டுதான் கேட்டவை. ஒரு சொல்லும் சொல்லேல்லை எண்டனான். அது உண்மைதானே?" அவளை அவர் நீ என்று சொன்னது அதுதான் முதல்முறை. "பேந்து, எழுதினது நானோ எண்டு கேட்டவை. வாசிக்காமல் சைன் வைச்சனான் எண்டு சொன்னன். இந்த வயசிலை, ஒரு பெட்டிக்குள்ளை இருந்து, அதைச் சொன்னன்."

"சேர், மன்னிச்சுக்..."

"பொறு. பன்ரெண்டு மணிக்கு முன்னம் நானே ஒரு கடிதம் எழுதி அனுப்பவேணுமாம். நீ பக்கத்திலையும் இருக்கக் கூடாதாம். எழுதமாட்டன் எண்டு சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது." அவர் கதிரையை இழுத்து இருந்தார். "ஒரு வசனம் பிழையெண்டு சொன்னியாம். அதை என்னட்டைக் கேக்கச் சொல்லிச் சொல்லுகினம். என்ன அது?"

மூன்று வருடமாக ஒரே கிளினிக். அவளுடைய தகப்பன் கடலில் போனவர் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பிரதீபா இரண்டாம் முறையாக அன்று அதைச் சொன்னாள். இந்தமுறை தமிழில், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அம்மா கழற்றி வாங்கியதையும் சொன்னாள். ஏரம்பு அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார்; பாதியில் தலையைத் திருப்பிக்கொண்டார்.

டொக்டர் எழும்பி உள்ளே போனார்.

பத்தே கால். பத்து ஐம்பது. அவர் ஒரு விரலால் தட்டினார், அழித்தார், திரும்பத் தட்டினார். வெளியே சனம் கூடியது. டொக்டருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் லூர்த்தம்மா, "கடிதம் எழுதுறார்! கடிதம்!" என்று பதில் கத்தினாள். ஆருக்கு என்று ஒருவர் கேட்க, "எனக்கில்லை!" என்றாள். பிரதீபா ஒரு கோப்பைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றே கால். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கினார். முழுவதையும் அழிப்பதுபோல லப்டொப்பில் ஒரு பொத்தானை நெடுநேரம் அழுத்திக்கொண்டு இருந்தார். எழுதமாட்டார் என்று அவள் நினைத்தாள். தொடங்கியிருந்தாலும் பன்னிரண்டுக்குள் முடியாது.

பதினொன்று நாற்பதுக்குக் கதவு ஒரு சாண் திறந்தது.

"பிள்ளை, உன்ரை அப்பான்ரை பேர் என்ன?"

"தம்பிஐயா."

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கக் கடிதம் போய்ச் சேர்ந்தது. அவளுடைய விண்ணப்பம் இருபத்தொரு நாள் கழித்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதலில் வந்த கடிதம் பற்றிய குறிப்பு கோப்பில் இருக்கும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். டொக்டர் என்ன எழுதினார் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கடிதம் கேட்டு வருபவர்களை அவர் அரைமணி நேரம் இருத்தி வைத்துக் கேள்வி கேட்கிறார் என்று லூர்த்தம்மா சலித்துக்கொண்டாள்.

செய்தியைச் சொன்னபோது நாகேஸ்வரி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது போகவேண்டும், அங்கே குளிரோ என்று கேட்டாள். பிறகு மகளைப் பார்க்காமல் கேட்டாள்.

"எழுதுறதுக்கு டொக்டர் அப்பான்ரை பேர் கேட்டவர் எண்டு சொன்னனியெல்லோ?"

"ஓம் அம்மா."

"என்னைப் பற்றியும் எழுதினவரோ?"

"தெரியாது. நான் எல்லாம் சொன்னனான்."

நாகேஸ்வரி ஒரு துவாயை உதறிக் கொடியில் போட்டாள். அதன் இரண்டு முனையையும் சரிபார்த்து இழுத்துவிட்டாள்.

"சொன்னது நல்லம்," என்றாள். "அந்தக் கிளிப்பை எடு."